சுவாமிகளின் பாதாம் பருப்பு

கொழுந்துமலை மடத்தின் தலைவர் தெளிவானந்த சுவாமிகள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது.

“அஞ்சுகிறவன் யார்? எதற்கு அஞ்சுகிறான்? கண்ணை மூடி உள்ளே பாருங்கள். அச்சம் என்று அங்கே ஒரு பொருளே இருக்காது” என்றார்.

அந்த நேரம் பார்த்து உத்தரத்திலிருந்து ஒரு பல்லி அவர் தோளில் விழுந்தது.

“ஐயோ, அம்மா!”

ஒலிபெருக்கி அந்தக் குரலை அடிவாரத்துத் தெருக்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சுவாமிகள் ஆசனத்திலிருந்து எகிறி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அரிசி ஆலை முதலாளியின் மடியில் போய் விழுந்தார். பல்லி தன் வழியே போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. காரியஸ்தர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தோளில் விழுந்தா நல்ல பலன்தான் சாமி” என்று ஆறுதல் சொன்னார். அரிசி ஆலை முதலாளி, சுவாமிகள் தன் மடியில் அமர்ந்ததைப் பாக்கியமென்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சுவாமிகளுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்தது, ஒரு பல்லிக்கு முன்னால் எங்கே போயிற்று? தன்னிடம் இல்லாத ஒன்றையா இத்தனை பேருக்கும் பந்தி போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தோம்? வருகிற தை மாதக் குருபூசையன்று ஆசனத்தை இளைய துறவியிடம் கொடுத்துவிட்டுக் காசிப் பக்கம் போய்விடுவது என்று முடிவு செய்தார். காரியஸ்தரிடம் மட்டும் சொன்னார். காரியஸ்தர் அழுதார்.

போவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அந்த அலறல் எங்கிருந்து வந்தது?

நகரத்து மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியை இசக்கியம்மாள். நாற்பது வயதுக்காரி. உடல் தானம் பற்றிப் பேசுவதற்காக ஒருமுறை மடத்துக்கு வந்திருந்தாள். சுவாமிகளே அன்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அந்தப் பழக்கத்தில் அவளைத் தேடிக்கொண்டு போனார்.

“வாங்க சுவாமி. இப்பவே உடம்பைக் கொடுக்க வந்துட்டீங்களா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் இசக்கியம்மாள்.

சுவாமிகள் உட்காரவில்லை. “உங்ககிட்ட மாணாக்கனா இருக்க வந்திருக்கேன்.”

“என்கிட்டயா? எதுக்கு?”

“பயம் உடம்புல எங்கே இருக்குன்னு தெரியணும்.”

அவள் சிரிக்கவில்லை. பல்லிக் கதை அவள் காதுக்கும் வந்திருந்தது.

“தெரிஞ்சு?”

“பிடுங்கிப் போடணும்.”

“சரி. வகுப்பு எட்டு மணிக்கு. தாமதமா வந்தா யாரா இருந்தாலும் வெளியிலதான் நிக்கணும்.”

மறுநாள் சுவாமிகள் முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காவி வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு. முதலாண்டுப் பிள்ளைகள் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தங்களுக்குள் தர்க்கம் செய்து, கடைசியில் ‘சாமி சார்’ என்று வைத்துக்கொண்டார்கள். கூடத்தில் மருந்து வாடை கண்ணைக் கரித்தது. மேசையில் துணி போர்த்திக் கிடந்த உடலைப் பார்த்ததும் சுவாமிகள் எழுந்து போய், அதன் காலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள்.

எலும்பு, தசை, நரம்பு என்று பாடங்கள் போயின. சுவாமிகள் பொறுமையாக இருந்தார். மார்கழி பாதியில் மூளைக்கு வந்தார்கள்.

இசக்கியம்மாள் ஒரு தொட்டிக்குள் கைவிட்டு, நடுவாக வகிர்ந்த பாதி மூளை ஒன்றை எடுத்து சுவாமிகளின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் உறை மாட்டிய இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டார்.

“மேலே மடிப்பு மடிப்பா இருக்கே, அது மாடி. யோசிக்கிறது, பேசுறது, கணக்குப் போடுறது, பிரசங்கம் செய்றது எல்லாம் அங்கே. இப்ப நடுவுல பாருங்க. இந்த முட்டை மாதிரி இருக்கிறது தலாமஸ். அதுக்குக் கீழே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இடம். தெரியுதா?”

“இதுவா?”

“அதுதான் ஹைபோதலாமஸ். அதுலேருந்து ஒரு காம்பு இறங்குது பாருங்க. காம்பு நுனியில பட்டாணி மாதிரி பிட்யூட்டரி தொங்கும். மூளையை எடுக்கும்போது அது மண்டைக் குழியிலேயே தங்கிடும். அதனால இங்கே இல்ல.”

சுவாமிகள் குனிந்து பார்த்தார். “இது என்ன செய்யும்?”

“என்ன வேணும்னு கேளுங்க.”

“பசி?”

“அங்கேதான்.”

“தாகம்?”

“அங்கேதான்.”

“உறக்கம்?”

“பெரும்பாலும் அங்கேதான்.”

“கோபம்?”

“அக்கம்பக்கத்தார் மூட்டி விடுவாங்க. முகம் சிவக்கிறது, பல்லைக் கடிக்கிறது எல்லாம் இது போடுற உத்தரவு.”

சுவாமிகள் கொஞ்சம் தயங்கினார். “காமம்?”

பிள்ளைகள் சட்டென்று தங்கள் கையிலிருந்த மூளைகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“அதுவும் அங்கேதான் சுவாமி” என்றாள் இசக்கியம்மாள்.

சுவாமிகள் கையிலிருந்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனூண்டு இடத்தோடயா நான் முப்பது வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல்லி விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் இசக்கியம்மாள் கேட்டாள். “பிரதோஷத்துக்குப் பட்டினி கிடப்பீங்களே, அப்பல்லாம் உங்க உடம்புச் சூட்டை யார் பாத்துக்கிட்டாங்க?”

சுவாமிகள் நிமிர்ந்து பார்த்தார்.

“மூச்சடக்கித் தியானத்துல உக்காந்திருப்பீங்க. ரத்தத்துல உப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு அப்ப யார் அளந்தாங்க?”

அவர் தன் கையைப் பார்த்தார்.

“நீங்க பாட்டுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. அது பாட்டுக்கு உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தது” என்றாள் அவள்.

சுவாமிகள் அந்தக் கட்டைவிரல் நுனி இடத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தடவினார்.

“பயம்?” என்றார்.

அவள் வேறொரு துண்டைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். மூளையின் காதுப் பக்கத்துப் பகுதியைக் குறுக்கே வெட்டிய துண்டு. உள்ளே ஒரு சாம்பல் உருண்டை தெரிந்தது.

“அமிக்டலா. பாதாம் பருப்புன்னு அர்த்தம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. இதுக்குப் பின்னால கடல்குதிரை மாதிரி சுருண்டு கிடக்கிறது ஹிப்போகாம்பஸ். நடந்ததை நினைவுல எழுதி வைக்கிறது அது. இவங்க எல்லாரும் மாடிக்கும் கீழே இருக்கிற மூளைத்தண்டுக்கும் நடுவுல விளிம்பு கட்டின மாதிரி உக்காந்திருக்கிறதால, லிம்பிக் மண்டலம்னு ஒரே குடும்பப் பேரு வச்சாங்க. லிம்பிக்னா விளிம்பு.”

“பல்லி விழுந்தப்போ?”

“தோள்ல என்னமோ விழுந்ததுன்னு தகவல் தலாமஸுக்கு வரும். அங்கேருந்து மாடிக்குப் போற பாதை கொஞ்சம் சுத்து. பாதாம் பருப்புக்குப் போறது குறுக்குச் சந்து. சந்துல முதல்ல போய்ச் சேர்ந்துடும். பருப்பு உடனே ஹைபோதலாமஸைத் தட்டி எழுப்பும். நெஞ்சு அடிச்சுக்கும், வேர்க்கும், வாய் உலரும், கால் தாவும். விழுந்தது பல்லிதான்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?”

சுவாமிகள் யோசித்தார். “ஆலைக்காரர் மடியில விழுந்த பிறகு.”

“அப்பதான் மாடிக்குத் தகவல் வந்து சேர்ந்திருக்கு.”

“அப்போ என் தவம்?”

“மாடியில இருந்திருக்கும்.”

அவர் அந்தச் சாம்பல் உருண்டையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “இதை எடுத்துட்டா அச்சம் போயிடுமா?”

“போயிடும்.”

“ரெண்டையும்?”

“ரெண்டும் இல்லாத ஒருத்தங்களை எனக்குத் தெரியும். உங்களைப் பத்திச் சொல்லிக் கேட்டேன். வரச் சொன்னாங்க. நாளைக்கு வகுப்பு முடிஞ்சதும் டீ குடிக்கப் போவோமா?”

சுவாமிகளுக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அச்சமே இல்லாத ஒரு மனுஷி! எந்தக் குகையில், எந்த மலையில் இருக்கிறாளோ, அவள் காலில் விழுந்து தீட்சை கேட்கலாமா என்றுகூட நினைத்தார்.

அவள் கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தாள். பெயர் முப்பிடாதி.

முப்பதை ஒட்டிய வயது. கண்ணிமை ஓரத்தில் பாசிமணி கோத்ததுபோலச் சின்னச் சின்னப் பருக்கள். பிறவியிலேயே வந்த ஒரு நோய், மிக அபூர்வமானது என்று இசக்கியம்மாள் வழியில் சொல்லியிருந்தாள். அந்த நோய் குரலைக் கரகரப்பாக்கியது, தலைக்குள்ளே இரண்டு பாதாம் பருப்புகளிலும் சுண்ணாம்பைப் படியவிட்டுக் கல்லாக்கியது. மற்றபடி அவள் சிரிப்பாள், அழுவாள், கணக்கில் கெட்டி. பயம் ஒன்றுதான் கிடையாது.

“வாங்க சாமி!” என்று முப்பிடாதி நேரே வந்து, சுவாமிகளின் மூக்குக்கும் தன் மூக்குக்கும் நடுவே ஒரு டம்ளர் வைக்கும் இடம்கூட விடாமல் நின்றாள். மடத்தில் யாரும் அவரை அவ்வளவு நெருங்கியதில்லை. அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் ஓரடி முன்னே வந்தாள்.

“தள்ளி நில்லு புள்ள” என்றான் அவள் கணவன் தளவாய். ஒல்லியான ஆள், எந்நேரமும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவர்களுடைய மகள் பேச்சி, மூன்று வயதுக் குழந்தை, ரோட்டோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தது. சுவாமிகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உனக்கு எதைக் கண்டும் பயமில்லையாம்மா?”

“இல்ல சாமி.”

“பாம்பு?”

“வழவழன்னு அழகா இருக்கும். போன வருசம் கடைக்குள்ள வந்துச்சு. கையில எடுத்துட்டேன்.”

“கட்டுவிரியன் சாமி” என்றான் தளவாய். “அதுவா மனசு வச்சுக் கடிக்காமப் போச்சு.”

“திருடன்?”

“ஒருத்தன் கத்தியைக் காட்டினான். டீ வேணுமான்னு கேட்டேன். முழிச்சிட்டுப் போயிட்டான்.”

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன் சாமி” என்றான் தளவாய். “ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தனே பயப்பட வேண்டியிருக்கு.”

சுவாமிகள் இசக்கியம்மாளின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். “அச்சம் துளியும் இல்லையே. அப்போ இவங்க ஞானியா?”

“அவங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க” என்றாள் அவள்.

தளவாய் பால் தீர்ந்துபோனதைப் பார்த்துத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகும்போது குழந்தையை, மனைவியை, சாலையின் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.

முப்பிடாதி டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்தாள். “சாமி, நானும் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.”

“கேளும்மா.”

“எனக்குக் கொஞ்சம் பயம் தர முடியுமா?”

சுவாமிகள் டம்ளரைக் கீழே இறக்கினார்.

“நெறைய வேண்டாம். எம்புள்ளைக்கு வேண்டிய அளவு போதும். அது பயந்தா எனக்குத் தெரிய மாட்டேங்குது. கோயில் யானை முன்னால இவ ஒரு மாதிரி முழிச்சா. அதிசயமாப் பாக்கான்னு நெனச்சு இன்னும் கிட்டக்கத் தூக்கிட்டுப் போனேன். மூணு நாள் ராத்திரியில வீல்வீல்னு அலறினா. இவ அப்பாதான் சொன்னாரு, அது பயம்னு. பயந்த மூஞ்சி எப்படி இருக்கும் சாமி?”

எத்தனையோ பேர் அவரிடம் எதை எதையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தார்.

அவர் சொல்ல வந்தது என்னவென்று அவருக்கே பிறகு நினைவில்லை.

“ஐயோ, அம்மா!”

தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தபோது அவர் கடையின் பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் குழந்தை இருந்தது. டம்ளர் உடைந்து சிதறியிருந்தது. சற்று முன் அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு, ரிவர்ஸில் பின்னோக்கி வந்த டவுன் பஸ்ஸின் சக்கரத்தடியில் இரண்டாக முறிந்து கிடந்தது. கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். ஓட்டுநர் படியில் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டார். இசக்கியம்மாள் எதிர்ப்பக்கம் தாவி, அடுத்த கடையின் வாழைத்தார்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

முப்பிடாதி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பஸ் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

“பஸ்ஸு வந்துச்சு, பாத்தேன். நின்னுரும்னு நெனச்சேன்” என்றாள்.

பிறகு எழுந்து சுவாமிகளிடம் வந்தாள். வழக்கம்போல மூக்கோடு மூக்காக நின்றாள். இந்த முறை அவரால் பின்வாங்க முடியவில்லை. பின்னால் சுவர்.

“சாமி, ஒங்க கண்ணு ஏன் இம்புட்டுப் பெருசா இருக்கு?”

நெஞ்சு அடித்த அடியில் தோளில் கிடந்த குழந்தையின் தலை ஆடியது.

“முப்பிடாதி” என்றாள் இசக்கியம்மாள் வாழைத்தாரை விலக்கிக்கொண்டு. “வாயைப் பாக்காதீங்க. கண்ணைப் பாருங்க. இப்ப பாப்பா கண்ணைப் பாருங்க.”

முப்பிடாதி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி சுவாமிகளைப் பார்த்தாள். குழந்தை, சுவாமிகள், குழந்தை.

“இமை மேலே ஏறி, சுத்தி வெள்ளை தெரியுது” என்றாள் மெதுவாக. “ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல இருக்கு.”

“ஆமா.”

“இதுதானா அது?”

முப்பிடாதி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். “யானை முன்னாலயும் இப்படித்தான் முழிச்சே. அம்மைக்குத் தெரியாமப் போச்சேடி” என்றாள். கரகரத்த குரல் இன்னும் கரகரத்தது.

கொஞ்ச நேரத்தில் பேச்சியின் கண் சாதாரணமாயிற்று. முப்பிடாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவாமிகளைப் பார்த்தாள்.

“சாமி, மறந்துபோயிரும். இன்னொரு தடவ அந்த மூஞ்சியக் காட்டுங்க.”

“எந்த மூஞ்சி?”

“பயந்த மூஞ்சி.”

கடையைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. காவி கட்டியவரை அடையாளம் கண்டுகொண்ட இரண்டு மூன்று பேர் கைகூப்பி நின்றார்கள். சுவாமிகள் அவர்களைப் பார்த்தார். முப்பிடாதியைப் பார்த்தார். பிறகு கண்ணை உருட்டி, இமையை நெற்றி வரைக்கும் ஏற்றி, தோளைக் குறுக்கி, “ஐயோ, அம்மா!” என்றார்.

“கண்ணு இன்னும் பெருசா!”

“ஐயோ, அம்மா!”

பேச்சி கைதட்டிச் சிரித்தது. “இன்னொருக்க தாத்தா!”

“ஐயோ, அம்மா!”

கூட்டமும் சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். ஓட்டுநர்கூட அழுகையோடு சிரித்தார். பால்வாளியோடு ஓடிவந்த தளவாய் பஸ்ஸைப் பார்த்தான், முறிந்த பெஞ்சைப் பார்த்தான், அப்படியே கண்கள் விரிந்து நின்றுவிட்டான்.

முப்பிடாதி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“டாக்டரம்மா, இவரு பயந்திருக்காரு!” என்று கூவினாள். “நானே கண்டுபிடிச்சேன்!”

தளவாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு மனைவியையும் மகளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டான்.

வெயில் தாழ்ந்த பிறகு இசக்கியம்மாள் சுவாமிகளைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு நடந்தாள். கொழுந்துமலை பஸ் வரும் இடத்துக்கு வந்ததும் அவளிடம் போனைக் கேட்டு வாங்கி, காரியஸ்தரைக் கூப்பிட்டார்.

“குருபூசைக்கு நானே உக்காந்துக்கிறேன். இளையவருக்கு இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். அழாதீங்க. அன்னைக்கு முன்வரிசையில ஒரு குடும்பத்துக்கு இடம் வைக்கணும். ஆமா, ஆலைக்காரருக்குப் பக்கத்துல. இல்ல, பெரிய மனுஷங்க இல்ல. டீக்கடைக்காரங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்குப் படியில் கால் வைத்தவர், திரும்பி வந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“மறுபடியும் மேல ஏதாவது விழுந்து, அத்தனை பேருக்கு முன்னால நான் அலறிட்டா என்ன செய்றது?”

இசக்கியம்மாள் சற்று யோசித்தாள். “எனக்குக் கரப்பான்பூச்சின்னா ஆகாது சுவாமி. போன வருஷம் வகுப்பு நடுவுல ஒண்ணு பறந்து வந்து கழுத்துல உக்காந்துச்சு. கத்திக்கிட்டு மேசை மேல ஏறிட்டேன். அத்தனை பிள்ளைங்களும் பாத்தாங்க.”

“அப்புறம்?”

“இறங்கினேன். விட்ட வரியிலேருந்து பாடம் எடுத்தேன்.”